டிக்கியில் என்ன இருக்கிறது? ரோல்பிளே சர்வர்களில் நம்பிக்கை வளரும் விதம்

நள்ளிரவை நெருங்கும் நேரம். லாஸ் சாண்டோஸ் நகரின் நெடுஞ்சாலை ஓரத்தில் காவலர் ஒருவர் பழைய கார் ஒன்றை நிறுத்தி, ஓட்டியவரிடம் லைசென்ஸ் கேட்கிறார். பேச்சில் ஏதோ இடிக்கவே டிக்கியைத் திறக்கச் சொல்கிறார். அந்த நகரம் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 என்ற விளையாட்டுக்குள் மட்டுமே இருப்பது. காவலராக நடிப்பவர் ஓர் ஊரில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஓட்டுநராக நடிப்பவர் வேறோர் ஊரில். டிக்கி திறந்தாலும் உள்ளே இருப்பதைத் திரை காட்டாது, ஏனென்றால் விளையாட்டு அதை வரைந்து வைத்திருக்கவில்லை. ஆகவே காவலர் 'டூ' என்ற கட்டளையை அடித்து, "டிக்கிக்குள் என்ன தெரிகிறது?" என்று கேட்கிறார். சில நொடிகள் கழித்து ஓட்டுநரின் பதில் எழுத்தாக வருகிறது: "ஸ்டெப்னிக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பைகள். ஒன்றின் ஜிப் பாதி திறந்திருக்கிறது." அதே நேரத்தில் அவருடைய குரலும் கேட்கிறது: "சார், சத்தியமா அது என்னோடது இல்ல சார். இது மச்சான் வண்டி சார்."

இங்கே வாய் பேசியது கதாபாத்திரம். பொய் சொல்ல அதற்கு முழு உரிமை உண்டு. விரல் எழுதியது ஆட்டக்காரர். அவருக்கு அந்த உரிமை கிடையாது. உண்மையை எழுதியதால் அவருடைய கதாபாத்திரம் அடுத்த அரை மணி நேரத்தைச் சிறையில் கழிக்கும், பல நாள் உழைத்துச் சேர்த்த சரக்கும் பறிபோகும். டிக்கி காலி என்று எழுதியிருந்தால் அந்த சர்வரில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. வண்டியில் உள்ள பொருட்களைப் பட்டியலிட்டுக் காட்டும் நிரல்கள் பல சர்வர்களில் உண்டு என்றாலும், காயம் எவ்வளவு ஆழம், மேசையில் கைரேகை பதிந்திருக்கிறதா, பேசுபவரின் மூச்சில் மது வாடை வருகிறதா என்பவற்றையெல்லாம் எதிரில் இருப்பவர் சொன்னால்தான் உண்டு. முகம் தெரியாத ஒருவர், தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே, சோதிக்க வழியில்லாத ஓர் உண்மையை ஏன் எழுதுகிறார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 விளையாட்டு 2013இல் வெளிவந்தது, கணினிப் பதிப்பு 2015இல். ஃபைவ்எம் என்ற மென்பொருள், அந்த விளையாட்டின் நகரத்தை எடுத்துக்கொண்டு தனிநபர்கள் தங்கள் சொந்த சர்வரை, அதாவது இணையம் வழியே பலர் சேர்ந்து ஆடும் தனி இடத்தை, நடத்த வழி செய்தது. விளையாட்டின் உரிமையாளரான ராக்ஸ்டார் நிறுவனம் 2015இல் ஃபைவ்எம்மை உருவாக்கியவர்களின் கணக்குகளை முடக்கியது. 2023 ஆகஸ்டில் அதே குழுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ரோல்பிளே, அதாவது வேடமேற்று ஆடும், சர்வர்களில் ஒருவர் டாக்ஸி ஓட்டுகிறார், ஒருவர் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார், ஒருவர் கடத்தல் கும்பலில் இருக்கிறார்; எல்லோரும் தங்கள் கதாபாத்திரத்தின் குரலில்தான் பேச வேண்டும். தமிழிலேயே பேசி ஆடும் சர்வர்களும், அந்த ஆட்டத்தை யூட்டியூபில் நேரலையாகக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே கதாபாத்திரத்துக்கு உள்ளே நடப்பதை ஐசி என்றும், வெளியே ஆட்டக்காரர்களுக்குள் நடப்பதை ஓஓசி என்றும் சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை எல்லோரும் மதிக்கிறார்கள் என்ற எண்ணத்தின் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கிறது.

வேடம் கட்டி ஆடும் மரபு உள்ள நமக்கு இந்தக் கோடு புதிதன்று. வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தில், துகிலுரியும் கட்டம் வரும்போது துச்சாதனன் வேடக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி வணங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. செய்யப்போவது துச்சாதனன், கும்பிடுவது நடிகர். அதன்பின் அவர் எவ்வளவு கொடுமையாக நடித்தாலும் ஊர் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் கோடு எங்கே இருக்கிறது என்பதை அவர் எல்லோர் கண்முன்னும் காட்டிவிட்டார். சர்வரில் ஒரு கும்பல் இன்னொருவரைக் கடத்திப்போய் மிரட்டும் காட்சி முடிந்ததும், மிரட்டியவர் ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் வந்து, "ப்ரோ, சீன் நல்லா போச்சு, எதையும் மனசுல வச்சுக்காதீங்க" என்று எழுதுவதை நான் அந்தக் கற்பூரத்தோடு சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கூத்தில் கதை எப்படி முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும், நடிகர்களும் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சர்வரில் கதைக்கு முடிவு எழுதப்படவில்லை, எதிரில் நிற்பவர் நேற்று வந்து சேர்ந்தவராக இருக்கலாம். பழக்கத்தால் கிடைக்க வேண்டியதை அங்கே விதியால் ஈடு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த விதிகளில் இரண்டுக்கு மட்டும் இங்கே விளக்கம் தேவை. கதாபாத்திரத்துக்குத் தெரிய வழியில்லாத ஒன்றை ஆட்டக்காரர் வெளியிலிருந்து அறிந்து பயன்படுத்துவது மெட்டா கேமிங். எதிராளிக்குத் தப்பவோ பதில் செய்யவோ இடமே தராமல் ஒரு செயலையும் அதன் விளைவையும் தானே தீர்மானித்துக்கொள்வது பவர் கேமிங். 'மீ' என்ற கட்டளையில் தன் கதாபாத்திரம் செய்வதை எழுதலாம். "கத்தியால் அவன் தோளைக் குத்தப் பாய்கிறான்" என்று எழுதினால் அது சரி, "தோளில் குத்தி அவனைக் கீழே தள்ளுகிறான்" என்று எழுதினால் தவறு. குத்து பட்டதா, எவ்வளவு பட்டது என்பதைச் சொல்லும் உரிமை தோளுக்குச் சொந்தக்காரருடையது. கேட்க எளிமையான இந்த இலக்கணம் எவ்வளவு முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள முப்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

பலர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகில் உலவும் விளையாட்டு 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்களின் கையில் தொடங்கியது. படமே கிடையாது, எல்லாம் எழுத்து. அந்த மரபில் 1990இல் உருவானது லாம்டாமூ. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் உள்ள ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் அதை அமைத்தார். அந்த உலகம் ஒரு பெரிய வீடு. புதிதாக வருபவர் கோட்டு மாட்டும் அலமாரிக்குள் இருட்டில் கண்விழித்து, கதவைத் திறந்து வரவேற்பறைக்கு வருவார். எதிராளியைக் கொல்வது, புள்ளி சேர்ப்பது போன்ற இலக்குகள் அங்கே இல்லை. புதிய அறைகளையும் பொருட்களையும் எழுத்தாலும் நிரலாலும் ஆட்டக்காரர்களே உருவாக்கினார்கள். முழு அதிகாரம் பெற்ற நிர்வாகிகளை 'விசார்ட்' என்று அழைத்தார்கள். கூட்டம் பெருகி, சச்சரவுகளும் பெருகி, அலுத்துப்போன கர்ட்டிஸ் 1992 இறுதியில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: இனி விசார்ட்கள் தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்துக்கொள்வார்கள், மனிதர்களுக்கு இடையிலான தகராறுகளைச் சமூகமே தீர்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த சில மாதங்களில், 1993இல், மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் ஓர் ஆட்டக்காரர் வரவேற்பறைக்கு வந்தார். அவரிடம் இருந்த பொம்மை ஒன்றின் நிரல், மற்றவர்களுடைய கதாபாத்திரங்கள் ஏதோ செய்வது போன்ற வரிகளை எல்லோர் திரையிலும் எழுதிக் காட்டக்கூடியது. அதைக் கொண்டு, அறையில் பலர் பார்த்திருக்க, வேறு ஆட்டக்காரர்களின் கதாபாத்திரங்கள் கொடூரமான பாலியல் செயல்களுக்கு ஆளாவது போலவும் தாங்களே அவற்றில் ஈடுபடுவது போலவும் எழுதிக்கொண்டே போனார். அறையிலிருந்து வெளியேற்றப்பட்ட பின்னும் நிறுத்தவில்லை. மறுநாள் பாதிக்கப்பட்ட ஒருவர் பொது அஞ்சலில் கண்டனம் எழுதினார். அதை எழுதும்போது கண்ணீர் வடிந்துகொண்டிருந்ததாகப் பின்னர் சொன்னார். அடுத்த சில நாட்களில் கூட்டம் கூடி மணிக்கணக்கில் வாதாடியும் முடிவு எட்டவில்லை. அன்றிரவே ஒரு விசார்ட், யாரையும் கேட்காமல், பங்கிளின் கணக்கை அழித்தார். ஊரிலிருந்து திரும்பிய கர்ட்டிஸ் நடந்ததை அறிந்து, ஆட்டக்காரர்கள் மனுப் போட்டுக் கையெழுத்துச் சேர்த்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் முறை ஒன்றை உருவாக்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜூலியன் டிபெல் நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதிய பிறகு உலகமே பேசியது.

வெறும் எழுத்தால் நேர்வதை வன்முறை என்று சொல்லலாமா என்ற கேள்வியை வைத்தே இந்நிகழ்வு பெரும்பாலும் விவாதிக்கப்படுகிறது. நம்பிக்கை என்ற கோணத்தில் பார்த்தால் எனக்கு வேறு இரண்டு விஷயங்கள் முன்னே வந்து நிற்கின்றன. முதலாவது, பங்கிள் செய்த குற்றத்தின் வடிவம். அவர் தன் கதாபாத்திரத்தைக் கெட்டவனாக நடிக்க வைத்திருந்தால் அது வேறு. அவர் பிறருடைய கதாபாத்திரத்தின் கையையும் வாயையும் தானே எடுத்துக்கொண்டார். கத்தி பட்டதா என்பதைத் தோளுக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும் என்ற விதி காக்கும் பொருள் இதுவே. தன் கதாபாத்திரம் தன் கையில்தான் இருக்கும் என்ற உறுதி இல்லாத இடத்தில் யாரும் மனம் திறந்து நடிக்க மாட்டார்கள். இரண்டாவது, அதிகாரம் ஒதுங்கிக்கொண்டதால் அது இல்லாமல் போய்விடவில்லை. கணக்கை அழிக்கும் பொத்தான் விசார்ட்களிடமே இருந்தது. அதை எப்போது அழுத்துவார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாமல் போயிற்று. பங்கிள் போனதில் வருத்தப்படாதவர்கள்கூட, போன விதத்தைக் கண்டு அஞ்சினார்கள். வாக்கெடுப்பு முறை சில ஆண்டுகள் நடந்து, முடிவில்லா வழக்குகளாலும் மனக்கசப்பாலும் தேய்ந்து, 1996இல் விசார்ட்கள் மீண்டும் சமூக முடிவுகளை எடுப்பதாக அறிவித்ததோடு அந்தச் சோதனை ஓய்ந்தது. குடியாட்சி தோற்றதாக அதை நான் படிப்பதில்லை. ஒதுங்குவதாகச் சொல்லிவிட்டு ஒதுங்க முடியாத இடத்தில் இருந்தவர்கள், தாங்கள் இருக்கும் இடத்தை இறுதியில் ஒப்புக்கொண்டார்கள்.

துரோகமே அனுமதிக்கப்பட்ட உலகங்களும் உண்டு. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் தொடங்கிய ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் ஏமாற்றுவதும் உளவு பார்ப்பதும் விதிக்கு உட்பட்டவை. 2005இல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிப்படைக் குழு, ஆட்டக்காரர்கள் நடத்திய இன்னொரு நிறுவனத்துக்குள் தன் ஆட்களை ஏறக்குறைய ஓராண்டு முன்பே வேலைக்குச் சேர்த்து, நம்பிக்கைக்குரியவர்களாக உயர்த்தி, ஒரே நாளில் கிடங்குகளைக் காலி செய்து தலைவரின் கப்பலையும் அழித்தது. அன்றைய மதிப்பில் இழப்பு சுமார் 16,500 டாலர் என்று கணக்கிட்டார்கள். சிசிபி தலையிடவில்லை; ஆட்டத்தின் விதிக்குள் நடந்த திருட்டு என்று விட்டுவிட்டது. ஆனால் 2009இல் ஈபேங்க் என்ற ஆட்டக்காரர் வங்கியின் நிர்வாகி, வைப்பாளர்களின் ஆட்டப் பணம் 200 பில்லியனை எடுத்து, அதை வெளியில் உண்மையான பணத்துக்கு விற்றபோது, அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. எடுத்ததற்காக அவர் தண்டிக்கப்படவில்லை. வெளியே விற்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். ஓஓசிக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. கோடு எவ்வளவு தாராளமாகவும் இருக்கலாம். ஆட்டத்துக்கு வரும் முன்பே அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், யாருக்காகவும் நகரக் கூடாது.

முகம் தெரியாத இடத்தில் உண்மைப் பெயரைக் கேட்டு வாங்கினால் ஒழுக்கம் வந்துவிடும் என்ற எண்ணம் அடிக்கடி தலைகாட்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம் 2010 ஜூலை 6 அன்று, தன் விவாதப் பகுதிகளில் எழுதுபவர்களின் இயற்பெயர் இனி வெளிப்படையாகத் தெரியும் என்று அறிவித்தது. அதில் அபாயம் இல்லை என்று காட்ட நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தன் பெயரை வெளியிட்டார். சிறிது நேரத்திலேயே அவருடைய வீட்டு விவரங்களையும் தொலைபேசி எண்ணையும் ஆட்டக்காரர்கள் தோண்டி எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு வெள்ளமாகப் பெருக, ஜூலை 9 அன்று திட்டம் கைவிடப்பட்டது. மூன்று நாள் ஆயுள்தான். பெண்களும், தங்கள் அடையாளத்தைக் காரணமாக வைத்துத் துன்புறுத்தப்பட்டவர்களும், வேலையிடத்தில் தங்கள் பொழுதுபோக்கு தெரியக் கூடாது என்று நினைத்தவர்களும் அந்த மூன்று நாளில் எழுதியவற்றின் சாரம் ஒன்றே: எங்கள் பெயரை அறிந்துகொள்வதால் எங்களை நீங்கள் நம்பப்போவதில்லை, நாங்கள் உங்களை நம்புவதுதான் நின்றுபோகும்.

பெயருக்குப் பதிலாக வேண்டியது வரலாறு. ஒருவர் இதே புனைபெயரில் ஆறு மாதமாக இருக்கிறார், பல காட்சிகளில் தோற்றிருக்கிறார், தோற்றும் சண்டை போடவில்லை என்பதைப் பலர் பார்த்திருந்தால் போதும், அவருடைய வீடு எந்தத் தெருவில் என்பது தேவையில்லை. ஆனால் புனைபெயருக்கு ஒரு பலவீனம் உண்டு. கெட்டுப்போனால் எறிந்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். எரிக் ஃப்ரீட்மன், பால் ரெஸ்னிக் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் இந்தச் சிக்கலைப் பொருளியல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். பெயரை மாற்றிக்கொள்வது செலவில்லாததாக இருக்கும்வரை, புதிதாக வரும் ஒவ்வொருவரையும் சமூகம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் நடத்தும். அந்த விலையை நல்லவரும் சேர்ந்து கொடுக்க நேர்கிறது. நுழைவையே சற்றுச் சிரமமாக்குவது இதற்கு ஒரு வழி. ரோல்பிளே சர்வர்களின் வைட்லிஸ்ட் அந்த வழிதான்.

வைட்லிஸ்ட் சர்வரில் சேர விரும்புபவர் தன் கதாபாத்திரத்தின் பின்னணியை எழுதித் தர வேண்டும், பின்னர் குரல் வழியே ஒரு நேர்காணல் இருக்கும். பல இடங்களில் இப்படியொரு கேள்வியைக் கேட்பார்கள்: உங்களை மூன்று பேர் துப்பாக்கி முனையில் சுற்றிவளைத்திருக்கிறார்கள், உங்கள் இடுப்பிலும் ஒரு துப்பாக்கி இருக்கிறது, என்ன செய்வீர்கள்? துப்பாக்கி சுடுவதில் தான் கெட்டிக்காரன் என்று காட்ட நினைப்பவர், உருவிச் சுட்டுவிட்டு ஓடுவேன் என்பார். எதிர்பார்க்கப்படும் பதில் கையைத் தூக்குவது. தன் உயிருக்கு அஞ்சாத கதாபாத்திரத்தோடு யாரும் கதை நடத்த முடியாது. பயத்தை நடிக்க மறுப்பவர் எதிரிலிருப்பவரின் மிரட்டலைப் பொருளற்றதாக்கிவிடுகிறார். கூர்ந்து பார்த்தால் இந்த நேர்காணல் நடிப்புத் திறமையைச் சோதிக்கவில்லை. தோற்க ஒப்புக்கொள்கிறாரா என்று சோதிக்கிறது. இதே கணக்கில் வருவதுதான் புத்துயிர் விதி: அடிபட்டு வீழ்ந்து மருத்துவமனையில் எழுந்த கதாபாத்திரம், தன்னை வீழ்த்தியது யார் என்பதை மறந்துவிட வேண்டும். ஆட்டக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தெரியாதவராக, அடுத்த நாள் அதே ஆளின் டாக்ஸியில் ஏறி உட்கார்ந்து, எங்கே போகணும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நேரலை இந்த ஒழுக்கத்தைக் கடுமையாகச் சோதிக்கிறது. ஸ்ட்ரீமர் ஒருவர் கடத்தல்காரராக ஒளிந்திருக்கும்போது, பார்வையாளர் ஒருவர் அன்பு மிகுதியால், "தலைவா, பின்னாடி போலீஸ் வருது" என்று அரட்டைப் பெட்டியில் எழுதிவிடுகிறார். ஸ்ட்ரீமர் அதைப் படித்துவிட்டார். இப்போது அவர் திரும்பிப் பார்த்தால் மெட்டா கேமிங். வழக்கமாகவே திரும்பிப் பார்க்கும் நேரமாக அது இருந்தாலும் இனி பார்க்க முடியாது. நல்ல ஸ்ட்ரீமர்கள் பலர் அப்படியே உட்கார்ந்திருந்து பிடிபடுவதையும், பிடிபட்ட பின் பார்வையாளர்களிடம் இனி இப்படி எழுதாதீர்கள் என்று பொறுமையாகச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். ஆயிரம் பேர் பார்க்க அப்படிப் பிடிபடும் ஒருவரால் ஒரு சர்வருக்குக் கிடைக்கும் நம்பிக்கையை எந்த விதிப்புத்தகத்தாலும் தர முடியாது. இதன் மறுபக்கமும் உண்மை: பிரபலமான ஒருவர் ஒரு முறை திரும்பிப் பார்த்து, அதை நிர்வாகமும் கண்டுகொள்ளாமல் விட்டால், அடுத்த வாரமே பாதிப் பேர் இரண்டாவது திரையில் அவருடைய நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிடுவார்கள்.

நிர்வாகத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் நான் கண்டவரை சர்வர்கள் சாவது பெரும்பாலும் அங்கேதான். நான் சில மாதங்கள் ஆடிய சர்வர் ஒன்றில், உரிமையாளரின் நண்பர் ஒரு கும்பலின் தலைவராக இருந்தார். எந்தக் காரணமும் பேச்சும் இல்லாமல் அவர் வண்டியை ஏற்றி ஒரு கதாபாத்திரத்தைக் கொன்றதைப் பதிவு செய்து, அந்தக் கிளிப்போடு நிர்வாகத்துக்கு டிக்கெட், அதாவது புகார், போட்டேன். பத்து நிமிடத்தில் "பார்த்தாச்சு, க்ளோஸ்" என்ற இரண்டு சொற்களோடு அது மூடப்பட்டது. அதே வாரத்தில் அதே குற்றத்துக்காகப் புதிய பையன் ஒருவன் மூன்று நாள் தடை வாங்கியிருந்தான். அவருக்குத் தண்டனை தர வேண்டும் என்றுகூட நான் நினைக்கவில்லை. எந்த விதியின்படி அது குற்றமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், விலகியிருக்க மாட்டேன். அதன்பின் டூ கேட்டால் உண்மை எழுதுபவர்கள் குறைந்ததைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மேலே இருப்பவர்களுக்குக் கோடு இல்லையென்றால் எனக்கு மட்டும் ஏன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுத்துக்கொண்டார்கள். மாலையில் இடம் கிடைக்காமல் வரிசையில் நின்ற சர்வர், இரண்டு மாதத்தில் பத்துப் பேருக்கு ஏங்கியது.

ஈவ் ஆன்லைன் இதே நோயைப் பெரிய அளவில் சந்தித்தது. விளையாட்டை உருவாக்கும் ஊழியர்களில் ஒருவர், தான் ஆட்டக்காரராகச் சேர்ந்திருந்த கூட்டணிக்கு, ஆட்டப் பொருட்களைத் தயாரிக்க உதவும் அரிய வரைபடங்கள் கிடைக்கும்படி செய்தது 2007இல் வெளிவந்தது. சக ஆட்டக்காரரின் துரோகத்தைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்ட அதே மக்கள் இதை மன்னிக்கவில்லை. சிசிபி தன் ஊழியர்களின் ஆட்டத்தைக் கண்காணிக்கத் தனிப் பிரிவை ஏற்படுத்தியது. 2008இல் ஆட்டக்காரர்களே தேர்தல் மூலம் தேர்ந்தெடுத்து, நிறுவனத்தோடு நேரில் பேச ஐஸ்லாந்துக்கு அனுப்பும் ஒரு பேரவையும் தொடங்கியது. சிறிய சர்வருக்கு இவ்வளவு பெரிய அமைப்பு தேவைப்படாது. ஆனால் அதே எண்ணத்தைச் சில வழக்கங்களாக மாற்றிக்கொள்ளலாம், நன்றாக நடக்கும் சர்வர்கள் மாற்றிக்கொண்டும் இருக்கின்றன. புகார் செய்பவர் கிளிப் தர வேண்டும். பலரும் கடைசிச் சில நிமிடங்களைத் தானாகச் சேமிக்கும் மென்பொருளை ஓடவிட்டே ஆடுவதால் இது கடினமில்லை. தன் கதாபாத்திரம் சம்பந்தப்பட்ட புகாரை எந்த அட்மினும் தொடக் கூடாது. தீர்ப்போடு விதி எண்ணும் காரணமும் எழுதப்பட வேண்டும், மேல்முறையீட்டை வேறொருவர் பார்க்க வேண்டும். பணம் கொடுத்தவருக்கு வரிசையில் முன்னுரிமை தரும் பழக்கத்தால் சர்வர் வாடகை தேறும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே பணம் தண்டனையையும் குறைக்கும் என்ற சந்தேகம் ஒரு முறை எழுந்துவிட்டால், உண்மை எதுவாயினும் அதை அடக்க முடிவதில்லை.

மற்றொரு வகை நம்பிக்கை உடலுக்கும் மனத்துக்கும் நெருக்கமானது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளே குழுக்களில், ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்ற அமெரிக்கர் பரப்பிய எக்ஸ் கார்டு என்ற வழக்கம் உண்டு: காட்சி தாங்க முடியாமல் போனால் மேசையில் உள்ள அட்டையைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிடுவார்கள். குரல்வழி சர்வர்களில் அட்டை இல்லை, ஆனால் காட்சியை ஓஓசியாக நிறுத்தச் சொல்லும் உரிமையும், பாலியல் வன்முறையைக் காட்சியாக்குவதற்கு முழுத் தடையும் பல சர்வர்களில் முதல் விதிகளாகவே இருக்கின்றன. பெண்குரல் கேட்டவுடன் காட்சியின் தொனியே மாறிவிடுவதைப் பெண் ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்; அதனாலேயே குரலை மாற்றிக்கொண்டு ஆண் கதாபாத்திரமாக ஆடுபவர்களும் உண்டு. அவர்கள் தங்கள் குரலிலேயே பேசத் தொடங்கும் சர்வரில்தான் நம்பிக்கை இருக்கிறது என்பேன். இங்கே ஓர் எச்சரிக்கையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 பெரியவர்களுக்கான விளையாட்டு. ஆனாலும் சிறுவர்கள் நுழைகிறார்கள். நம்பிக்கையின் பெயரால் படம், முகவரி, தொலைபேசி எண் கேட்பவர், அட்மினாகவே இருந்தாலும், கோட்டைத் தாண்டிவிட்டார். அந்த இடத்தில் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காமல் வெளியேறிவிடலாம்.

நெடுஞ்சாலை ஓரத்துக்குத் திரும்புவோம். அந்த ஓட்டுநர் உண்மையை எழுதியதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. பொய் எழுதிப் பிடிபட்டால் கிடைக்கும் தடை அவர் நினைவில் எங்கோ இருந்திருக்கலாம், ஆனால் பிடிபட வழியில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதே காவலர் போன வாரம் ஒரு துரத்தலில், தன் வண்டியின் டயர் வெடித்துவிட்டதாகத் தானே எழுதி அவரைத் தப்பவிட்டதும், அப்படி எழுதும்படி யாரும் கேட்கவில்லை என்பதும் அதைவிடக் கனமாக நினைவில் இருந்திருக்கும். பை இருந்தால்தான் அடுத்த காட்சி உண்டு, வக்கீல் வருவார், மச்சானைத் தேடிப் போவார்கள், காலியான டிக்கியோடு கதையும் அங்கேயே நின்றுவிடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஓட்டுநர் வேறொரு கதாபாத்திரத்தோடு காவல் துறையில் சேர விண்ணப்பித்தார். காவலர் வேடம் எளிதில் கிடைப்பதில்லை, ஏனென்றால் மற்றவர்களைச் சோதனை போடவும் சிறையில் அடைக்கவும் அதிகாரம் உள்ள வேடம் அது. விண்ணப்பத்தில், உங்களுக்காக உத்தரவாதம் தருபவர் யார் என்று ஒரு கட்டம் உண்டு. சேர்ந்தவர் பிற்பாடு விதியை மீறினால் உத்தரவாதம் தந்தவரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்பதால் எல்லோரும் தயங்கும் கட்டம் அது. அன்றிரவு காரை நிறுத்திய காவலர் அதில் தன் பெயரை எழுதி, காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: "டூ கேட்டேன். இரண்டு பை இருந்தது. சொன்னார்."